42ஆம் நாள் வரை

பிள்ளை பெற்ற வீட்டுக்கு அரசு ஒரு பெண்ணை அனுப்புகிறது. 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் ஆறு முறை. வீட்டிலேயே பிரசவம் நடந்திருந்தால் முதல் நாளும் சேர்ந்து ஏழு. 2011இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த, வீட்டுக்கே சென்று பச்சிளம் குழந்தையைக் கவனிக்கும் இந்தத் திட்டத்தைச் சுமப்பவர்கள் ஆஷா பணியாளர்கள்.

திட்டத்தின் அடிப்படையோடு எனக்குச் சண்டையில்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இருவரும் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து இதைச் செய்து காட்டினார்கள். அங்கே பச்சிளம் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999இல் 'லான்செட்' இதழில் ஆய்வு வெளியானது. குழந்தையை எடை போடுவது, உடல் சூடு பார்ப்பது, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவது எல்லாம் அந்தப் பெண்கள் கற்றுக்கொண்ட தொழில்திறன். 'பெண்ணுக்கு இதெல்லாம் தானாக வரும்' என்பவர்கள் ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும்.

நான் நின்றுபோனது வழிகாட்டுதலில் பணம் பற்றிய பகுதியில். எல்லா வருகைகளுக்கும் சேர்த்து 250 ரூபாய். ஆறால் வகுத்தால் ஒரு வருகைக்கு 42 ரூபாய்கூட இல்லை. அதுவும் 45ஆம் நாளுக்குப் பிறகு, நிபந்தனைகளோடு: எடை பதிவாகியிருக்க வேண்டும், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், பிறப்புப் பதிவு முடிந்திருக்க வேண்டும், தாயும் சேயும் 42ஆம் நாள் வரை நலமாக இருக்க வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனையை மறுபடி படியுங்கள். ஏழாம் நாள் மூச்சு வேகமாக இருப்பதைக் கண்டுபிடித்து, மாமியாரிடம் மன்றாடி, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறாள். குழந்தை பிழைக்கவில்லை. எழுதியிருக்கிறபடி பார்த்தால் அவளுக்குக் கூலி கிடையாது. அதே குழந்தையைப் பார்த்த மருத்துவரின் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையாது, குறையவும் கூடாது. தாயின் ரத்தசோகை, ஆம்புலன்ஸ் வராத சாலை, வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பது எதுவும் அவள் கையில் இல்லை. ஆனால் கணக்கு மட்டும் அவள் தலையில் முடிகிறது.

இப்படி எழுத முடிவதற்குக் காரணம் ஒரு சொல்: தன்னார்வலர். ஊழியர் என்றால் ஊதியம் என்று எழுத வேண்டும். தன்னார்வலர் என்றால் ஊக்கத்தொகை போதும். பிறகு சில மாதாந்திரத் தொகைகள் சேர்ந்தன, உண்மைதான். ஆனால் 2018இல் இதே வருகைகளை 15 மாதக் குழந்தை வரை நீட்டித்தபோது ஒரு வருகைக்கு 50 ரூபாய், ஐந்து வருகைக்கு மறுபடியும் அதே 250.

2022இல் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது கொடுத்தது. 2025 பிப்ரவரியில் கேரள ஆஷாக்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஐம்பதாவது நாள் அவர்களில் பலர் தங்கள் தலைமுடியை வெட்டிக்கொண்டார்கள்.