கடல்வழி அரபும் கச்சேரிவழி அரபும்

கொல்லிமலைச் சோளக்காட்டுச் சந்தையில் மிளகும் பலாவும் கைமாறுகையில் அசல், பாக்கி, வசூல் என்னும் சொற்கள் இயல்பாகப் புழங்குகின்றன. மூன்றும் அரபு வேருடையவை. கடலைக் காணாத அம்மலைக்கு அவற்றைக் கொண்டுவந்தது, பாரசீகமும் உருதுவும் கோலோச்சிய வருவாய்க் கச்சேரி. மாலுமி, சுக்கான் என்பனவும் அரபு வேரினவே. ஆனால் அவை கப்பலேறி வந்தவை. ‘முஅல்லிம்’தான் நம் நாவில் மாலுமி ஆனார்.

இவ்விரு வழிகளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பதிவுகள் ஒரே கண்ணால் நோக்கவில்லை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த தமிழ்ப் பேரகராதி, ‘அசல்’ போன்ற அரபுச் சொற்கள் பலவற்றுக்கு உருது என்றே மூலம் காட்டுகிறது. சொல் நுழைந்த கடைசி வாசலைக் குறிப்பது பிழையாகாது. எனினும் வாசலை வீடென்று கொள்ளும் வாசகர், கரையோரத் தமிழரின் நேரடி அரபுத் தொடர்பை மறந்துவிடுகிறார்.

அரபு, பாரசீக, உருதுத் துறையின் தலைவராயிருந்த முஹம்மது ஹுஸைன் நயினாரின் பணி இங்கு நினைக்கத்தக்கது. பெயரே தமிழ்க் கரையைச் சொல்லும்! 1942இல் வெளியான, அரபுப் புவியியலாளரின் தென்னிந்திய அறிவு பற்றிய அவரது ஆங்கில நூல் இன்றும் பயன் குன்றாதது. பழைய அரபு ஏடுகளில் ஒரு புள்ளி இடம் மாறினால் ஊரே மாறிவிடும். அத்தகைய ஏடுகளிலிருந்து மஅபரையும் கூலத்தையும் அடையாளம் காண்பது எளிதன்று. போர்த்துக்கீசியரை எதிர்த்த மலபார் முஸ்லிம்களின் வரலாறான, பொன்னானி ஷைகு ஸைனுத்தீன் மக்தூமின் ‘துஹ்ஃபதுல் முஜாஹிதீன்’ நூலையும் அதே ஆண்டில் அவர் ஆங்கிலத்தில் தந்தார்.

ஆயினும் அவரது உழைப்பின் பெரும்பகுதியைக் கொண்டது ஆர்க்காட்டு நவாபுகளின் வரலாற்று மூலங்களே. 1934இல் ‘துஸுக்கே வாலாஜாஹி’யுடன் தொடங்கி 1950 வரை வெளிவந்த ஐந்து தொகுதிகளுக்கும் மூலம் பாரசீகம். ஐந்தாம் தொகுதி, நவாப் அஃழம் ஜாஹ் 1823இல் நாகூருக்குச் சென்ற பயணத்தைக் கூறுவது. சோழ மண்டலக் கரையை அங்கே நாம் அரசவைப் பல்லக்கின் திரைவழியே காண்கிறோம். அதே நூற்றாண்டில், கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அரபுத்தமிழில் ‘ஃபத்ஹுத் தய்யான்’ எழுதி, சாதாரணக் குடும்பங்களுக்கும் மார்க்கச் சட்டத்தை எட்டச் செய்தார். அந்த எழுத்துலகுக்கு நவாபு மூலங்களுக்குக் கிடைத்ததைப் போன்ற ஒரு தொகுதி வரிசை அன்று கிட்டவில்லை.

நயினாரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று, துறையின் பெயரில் அரபுக்குப் பக்கத்தில் நின்றவை பாரசீகமும் உருதுவும், தமிழன்று. அக்குறையைப் பெருமளவு ஈடுசெய்தது, 1993இல் வெளியான தைக்கா ஷுஐப் ஆலிமின் பெருநூல். ஓர் அரபுத்தமிழ் ஏட்டைப் பதிப்பிக்க அரபு எழுத்தும் தமிழ் யாப்பும் ஒருங்கே அறிந்தவர் வேண்டும். பல்கலைக்கழகத்தில் அவை இரண்டும் வெவ்வேறு துறைகள்.