அடுத்த முறை எது உடையும்? பெரிய ஆர்.சி. விமானங்களின் லேண்டிங் கியர் பழுதுபார்ப்பு

8 கிலோ எடையுள்ள மாடல் விமானம் ஒன்று, ஓடுபாதைக்கு ஒரு மீட்டர் மேலே தூக்குவிசை இழந்து விழுகிறது. தரையைத் தொடும் கணத்தில் அதன் வேகம் நொடிக்கு 4.4 மீட்டர். சக்கரக் கால்கள் 5 சென்டிமீட்டர் வளைந்துகொடுத்தால், அவற்றின் மேல் இறங்கும் சராசரி விசை ஏறக்குறைய 170 கிலோ. வளைய மறுத்து ஒரே சென்டிமீட்டரில் நிறுத்தினாலோ, அது 800 கிலோவைத் தாண்டிவிடும். பால்சா மரமும் மெல்லிய பிளைவுட்டும் சேர்த்து ஒட்டிய கூடு அவ்வளவு விசையைத் தாங்காது. தாங்கும்படி கட்டினால் அந்த விமானம் ஒழுங்காகப் பறக்காது.

உடைந்த லேண்டிங் கியரைச் சரிசெய்ய உட்காருகிறவர்களில் பலர் "இனி உடையவே கூடாது" என்ற வைராக்கியத்தோடு வேலையைத் தொடங்குகிறார்கள். எஃகு போல்ட், அலுமினியப் பட்டை, கை நிறைய எபாக்ஸி என்று அந்த இடம் கோட்டைபோல் ஆகிவிடுகிறது. அடுத்த மோசமான தரையிறக்கத்தில் கியர் அசையாமல் நிற்கும், உடம்பு இரண்டாகப் பிளக்கும். ஒரு பழுதுபார்ப்பு நல்லதா என்று பார்க்க நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அடுத்த முறை அடி விழும்போது எது உடையும்? சில ரூபாய் போல்ட் என்றால் வேலை நன்றாக முடிந்திருக்கிறது. இந்த அளவுகோலை வைத்தே இங்கே கால்களையும் பசைகளையும் போல்ட்டுகளையும் மதிப்பிடுகிறேன்.

மேசைக்கு வந்தது நண்பர் ஒருவரின் எக்ஸ்ட்ரா 300 மாடல். இறக்கையின் நீளம் 2.3 மீட்டர், 60 சி.சி. பெட்ரோல் என்ஜின், கார்பன் ஃபைபர் கால்கள். ஓடுபாதையின் ஓரத்துப் புல்மேட்டில் இடது சக்கரம் சிக்கி, கால் பின்னோக்கி இழுபட்டிருந்தது. வால்டர் எக்ஸ்ட்ரா வடிவமைத்து 1988-இல் முதன்முதலில் பறந்த அசல் எக்ஸ்ட்ரா 300-க்கும் இதே அமைப்புதான்: பிஸ்டனோ ஹைட்ராலிக்கோ இல்லாமல், வில்லாக வளைந்து நிமிரும் கூட்டுப்பொருள் கால். தட்டையான ஒரு பட்டையையே ஸ்பிரிங்காக்கும் இந்த யோசனைக்கு வழிவிட்டவர் அமெரிக்கப் பந்தய விமானி ஸ்டீவ் விட்மன். அவருடைய ஸ்பிரிங் எஃகுக் காலுக்கு உரிமம் வாங்கி, செஸ்னா நிறுவனம் 1940-களில் 140, 195 ஆகிய விமானங்களில் பொருத்தியது. நம் மாடல்களின் வளைந்த கால்கள் அந்த வழியில் வந்தவை. அதனால்தான் எந்தப் பழுதுபார்ப்பும் அந்த ஸ்பிரிங் தன்மையைக் கெடுக்கக் கூடாது என்று வலியுறுத்துகிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்த விமானத்துக்குச் சேதம் அதிகமில்லை. அடிப்பகுதி உறையில் சுருக்கம், கால் சற்றே சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். கேனப்பியைக் கழற்றி உள்ளே விளக்கடித்து, கால்கள் போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கும் பலகையான கியர் பிளேட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால்தான் உண்மை தெரிகிறது. பிளேட்டின் முன்விளிம்புக்கும் முன் ஃபார்மருக்கும் (உடம்பின் குறுக்குச் சட்டம்) நடுவே மயிரிழைபோல் ஒரு கோடு வாய் திறந்து மூடியது. சக்கரம் பின்னால் இழுபடும்போது காலின் பாதத்தில் முன்பக்கம் கீழே பிய்கிறது, பின்பக்கம் மேலே குத்துகிறது. ஆகவே முன்பக்கப் போல்ட்டுகளுக்கும், பிளேட்டோடு கோத்திருக்கும் முன் ஃபார்மரின் பற்களுக்கும்தான் முதல் அடி. தேடும்போதும் அங்கிருந்தே தொடங்குங்கள். பின் ஃபார்மர், பக்கச்சுவர், இறக்கைக் குழாய் நுழையும் துளையின் சுற்றுப்புறம் என்று அதன்பிறகு விரிந்தால் போதும்.

இந்தக் கட்டத்தில் மெல்லிய சூப்பர் பசையை விரிசலுக்குள் விட்டு வேலையை முடித்துக்கொள்ளும் ஆசை வரும். வேண்டாம். பற்கள் நொறுங்கிய ஃபார்மர் விளிம்பில் ஒட்டுவதற்கு நல்ல மரமே மிச்சமில்லை. நைந்த பகுதியை முழுதாக வெட்டி நேரான விளிம்பு கிடைத்த பிறகுதான் புதுப் பிளேட். 3 மி.மீ. பிர்ச் பிளைவுட் இரண்டை ஒட்டி 6 மி.மீ. ஆக்கிக்கொண்டேன், மேல் அடுக்கின் இழையோட்டம் இறக்கை நீளும் திசையில் இருக்கும்படி. ஃபார்மரோடு சேரும் மூலைகளில் கடின மர முக்கோணக் கட்டைகள். அவற்றின் மேல் இரு விரல் அகலத்தில் ஃபைபர் கிளாஸ் துணி. கூடும் எடை எடைமையத்துக்கு அருகிலேயே இருப்பதால் பறத்தலில் அது தெரியாது.

அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கார்பன் இழைகளை அடுத்த ஃபார்மர்வரை இழுத்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் உடைப்பு நின்றுவிடாது, இறக்கைக் குழாய்க்கோ என்ஜின் பெட்டிக்கோ இடம் மாறும். கியர் பிளேட்டை மாற்றுவது ஒரு வார இறுதி வேலை. இறக்கைக் குழாய் பொருத்தியிருக்கும் இடம் கிழிந்தால் பெரும்பாலும் புது உடம்பே வாங்க நேரும்.

ஒட்டுவதற்கு முன் ஒரு எதிரியைக் கவனிக்க வேண்டும்: எண்ணெய். டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் என்ஜினின் புகைக்குழாய் பெரும்பாலும் கியர் பிளேட்டுக்கு மிக அருகிலேயே போகிறது. கசியும் எண்ணெய் பிளைவுட்டின் விளிம்பு வழியாக உள்ளே ஊறிவிடும். எண்ணெய் குடித்த மரத்தில் எந்த எபாக்ஸியும் பிடிக்காது. காய்ந்ததும் பசை ஒரு தகடுபோல் உரிந்து கையோடு வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சோள மாவைக் குழைத்துக் கறுத்த இடத்தில் பூசி, உலரவிட்டுச் சுரண்டினேன். வெள்ளை மாவு பழுப்பேறி வந்தது. மாவு நிறம் மாறாமல் வரும்வரை திரும்பத் திரும்பப் பூச வேண்டும். அதன்பின் 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்துப் புது மரத்தை வெளியே கொண்டுவந்தேன். அலுப்பான வேலைதான், ஆனால் வெற்றி தோல்வி இங்கேதான் முடிவாகிறது.

பசைகளில் ஐந்து நிமிட எபாக்ஸியை இந்த இடத்தில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவசரத்துக்கு உதவும், மைதானத்தில் ஒரு கட்டையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும். ஆனால் அது மரத்துக்குள் ஊறுவதற்குள் இறுகிவிடுகிறது, சூட்டிலும் எளிதில் இளகுகிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டுவது நம் ஊரில் சாதாரணம். மெதுவாக இறுகும் எபாக்ஸிதான் சரி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதா அரால்டைட்டே நன்றாக வேலை செய்கிறது, ஒரு முழு நாள் அதைத் தொடாமல் விடும் பொறுமை இருந்தால். இடைவெளி நிரப்ப வேண்டிய மூலைகளில் பொடித்த பருத்தி இழையைக் கலந்துகொள்ளலாம். மைக்ரோ பலூன் கலவை அழகாக இழையும், உப்புத்தாளுக்கு இணங்கும், ஆனால் பலம் தராது. அதை மேற்பூச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மாடல்காரர்களிடையே பெயர் பெற்ற ஹைசால் 9462 இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. வெண்ணெய்போல் நின்ற இடத்தில் நிற்கிறது, செங்குத்தான மூலையிலும் வழிவதில்லை, இறுகிய பிறகும் கண்ணாடிபோல் நொறுங்காமல் சற்று இழுத்துக்கொடுக்கிறது. விலை கூடுதல். கியர் பிளேட்டுக்கு அந்த விலை தகும், மற்ற இடங்களுக்கு வேண்டியதில்லை.

இனி போல்ட்டுகள். இந்த விமர்சனத்தில் நான் அதிகம் அக்கறைப்படும் பகுதி இதுதான். நைலான் போல்ட்டின் பலம், அதே பருமனுள்ள எஃகு போல்ட்டின் பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு. வீட்டு மின் இணைப்பில் ஃபியூஸ் கம்பி எதற்கோ, இங்கே நைலான் போல்ட்டும் அதற்குத்தான். நண்பரின் விமானத்தில் பிளேட் பிய்ந்ததற்குக் காரணம், கால் ஒன்றுக்கு நான்கு எஃகு போல்ட்டுகள் இருந்ததே. முன்பக்கம் நைலான், பின்பக்கம் எஃகு என்று கலந்து போடும் பழக்கம் பலரிடம் உண்டு. முன்பக்கம் அறுந்தாலும் கால் பறந்து போகாது என்பது அவர்கள் வாதம். எனக்கு அது உடன்பாடில்லை. ஒரே பக்கம் பிடித்துக்கொண்டு தொங்கும் கால், விமானம் நின்று முடிவதற்குள் வயிற்றுப் பகுதியைக் குத்திக் கிழித்துவிடும். போனால் முழுதாகப் போகட்டும். ஆகவே எல்லாமே நைலான். கால் ஒன்றுக்கு 6 மி.மீ. போல்ட் மூன்றில் தொடங்கி, சாதாரணத் தரையிறக்கத்துக்கே அறுந்தால் ஒன்றைக் கூட்டலாம். நைலான் அளவுக்கு மீறி மெல்லியதாக இருப்பதும் ஆபத்துதான். கால்கள் இரண்டும் கழன்றால் அடுத்து தரையில் மோதுவது புரொப்பெல்லரும் கவுலிங்கும். இரண்டும் மலிவான பொருள்கள் அல்ல.

நைலானுக்குப் பராமரிப்பும் உண்டு. பாக்கெட்டிலேயே நெடுநாள் உலர்ந்து கிடந்த நைலான் வெடுக்கென முறியும். சுடுநீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் ஈரம் ஏறி மறுபடி இழுத்துக்கொடுக்கும் தன்மை வரும். வெயில் பட்டுப் பழுப்பேறியவற்றைத் தூக்கி எறியுங்கள். தலை அறுந்து, அடித்துண்டு மட்டும் டி-நட்டுக்குள் (பிளேட்டில் பதித்த நட்) மாட்டிக்கொண்டால் துளையிட்டு எடுக்கப் போக வேண்டாம், மரையைக் கெடுத்துவிடுவீர்கள். சால்டரிங் அயர்ன் சூட்டில் ஒரு பழைய திருப்புளியின் முனையைச் சூடாக்கி, அந்தத் துண்டின் மேல் அழுத்திப் பள்ளம் ஏற்படுத்தி, குளிர்ந்ததும் அதே திருப்புளியால் திருகினால் முழுதாக வெளியே வந்துவிடும். டி-நட்டின் தகடு பிளேட்டின் மேற்புறம் இருக்க வேண்டும். போல்ட் இறுக இறுக அது மரத்துக்குள் பதியும். கீழ்ப்புறம் வைத்தால் முதல் இழுப்பிலேயே கழன்று வரும்.

கால்களில் அலுமினியமா கார்பனா என்ற கேள்விக்கு என் பதில் கார்பன். அதன் அடர்த்தி அலுமினியத்தில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். வளைந்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும். அலுமினியக் கால் கடினமான தரையிறக்கத்துக்குப் பிறகு விரிந்தபடியே நின்றுவிடும். ஆனால் அதற்குள்ள நேர்மை கார்பனுக்கு இல்லை. அலுமினியம் வளைந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. வைஸில் பிடித்து, விரிசல் விழாத வகையில் நிதானமாக ஒருமுறை நிமிர்த்தலாம். இரண்டாம் முறை அதே இடத்தில் வளைந்தால் மாற்றிவிடுவதே நல்லது. சூடாக்கி வளைக்க மட்டும் முனையாதீர்கள். சோப்பைத் தடவி, அது கறுக்கும்வரை சூடாக்கினால் அலுமினியம் மெழுகுபோல் வளையும் என்று பட்டறைகளில் சொல்வது உண்மைதான். ஆனால் 6061-டி6 அலுமினியத்தின் பதம் அதோடு போயிற்று. அதன் வளையும் எல்லை ஏறக்குறைய 275 மெகாபாஸ்கலிலிருந்து 55-க்கு இறங்கிவிடும். அடுத்த தரையிறக்கத்தில் அது வெறும் தகடு.

கார்பன் உள்ளுக்குள்ளேயே சாகும். ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் கால் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் 'டிக்' என்று கூர்மையான ஓசை. அடுக்குகள் பிரிந்த இடத்தில் ஓசை மந்தமாகும். நண்பரின் விமானத்தில், பாதத்திலிருந்து கால் கீழே வளையும் திருப்பத்தில் அந்த மந்தமான ஓசை கேட்டது. மேல்பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை. இத்தகைய காலைச் சாய்வாகத் தேய்த்து, புதுக் கார்பன் துணியை எபாக்ஸியில் நனைத்து ஒட்டலாம். நானும் செய்து பார்த்தேன். வடிவம் திரும்பியது, விறைப்பும் வந்தது, ஆனால் இரண்டு கால்களையும் ஒரே அளவு அழுத்தினால் ஒட்டுப்போட்டது குறைவாகவே வளைந்தது. ஸ்பிரிங் இரண்டும் சமமில்லை என்றால் தரை தொட்டதும் விமானம் ஒரு பக்கம் துள்ளும். ஆகவே ஒட்டுப்போட்ட கால் அன்றைய நாளை ஓட்டுவதற்கு மட்டும். புது ஜோடி வாங்குங்கள். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம், கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பெரிய பைப்பர் கப் மாடல்களில் வரும் பியானோ கம்பிக் கால்களை வளைத்து நிமிர்த்துவது எளிது. இணைப்புகளில்தான் சிக்கல். மெல்லிய செம்புக் கம்பியால் நெருக்கமாகச் சுற்றி, குறைந்த சூட்டில் உருகும் வெள்ளி கலந்த சால்டரால் நிரப்புங்கள். சிவக்கச் சூடாக்கினால் கம்பியின் முறுக்கு போய்விடும்.

உள்ளிழுக்கும் கியர் தனிக் கட்டுரைக்கு உரியது. ஒன்று மட்டும்: ஸ்பிட்ஃபயர் போன்ற போர்விமான மாடல்களில் முதலில் வளைவது காலைப் பிடித்திருக்கும் எஃகு முளை. அதை மாற்றுவது சுலபம். ஆனால் வளைந்த முளையோடு மோட்டாரை ஓட்டிப் பார்க்காதீர்கள். இறக்கைக்குள் இடித்து நின்றால், காலை உள்ளிழுக்கும் திருகும் சேர்ந்து கெடும்.

பொருத்தும்போது, வால்சக்கர விமானங்களில் ஆக்சில் இறக்கையின் முன்விளிம்புக்கு நேர்கீழோ சற்று முன்னேயோ வர வேண்டும். வலது, இடது கால்களை மாற்றிப் போட்டால் சக்கரம் பின்னுக்குத் தள்ளிப்போய், விமானம் மூக்கைத் தரையில் குத்தும். சக்கரங்கள் நேராகவோ இம்மியளவு உள்நோக்கியோ இருக்கட்டும். ஆக்சிலில் சக்கரத்தைப் பிடித்துவைக்கும் திருகு அமரும் இடத்தை அரத்தால் தட்டையாக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பிளேட்டும் ஃபார்மரும் சேரும் மூலையில், இரண்டின் மேலும் படும்படி பென்சிலால் ஒரு குறுக்குக்கோடு போட்டேன். விமானத்தை ஒரு சாண் உயரம் தூக்கிச் சிமெண்ட் தரையில் விட்டதில் கால்கள் விரிந்து திரும்பின, கோடு அசையவில்லை. பறக்கத் தொடங்கிய பிறகும் அவ்வப்போது கேனப்பியைக் கழற்றி அந்தக் கோட்டைப் பார்க்கச் சொல்லி நண்பரிடம் கொடுத்திருக்கிறேன். கோடு நேராக இருந்தால் போல்ட்டை மட்டும் புதிதாக்கிக்கொண்டு பறக்கலாம். நூலளவு விலகியிருந்தாலும் பிளேட்டைப் பிரித்துவிட வேண்டும்.