படத்தின் முதுகு

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் பழைய ஓட்டு வீடு இடிபடும்போது கதவும் ஜன்னலும் தேக்குத் தூணும் முதல் நாளே விலைபோய்விடுகின்றன. கூடத்துச் சாமி படங்களைத்தான் யாரும் கேட்பதில்லை. குப்பையில் போட மனம் வராமல் அரசமரத்தடியில் சாய்த்துவிட்டுப் போகிறார்கள். பூந்தமல்லி சாலையோர மரத்தடிகளில் அப்படிக் கிடப்பவற்றை நான் நின்று பார்க்காமல் போனதில்லை. எப்போதாவது ஒன்றில், இன்றைய ஆஃப்செட் அச்சில் காண முடியாத ஆழ்ந்த சிவப்பு தெரியும். அது கல்லச்சு.

1796இல் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை அது. சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைந்து, கல்லை நனைத்து, மை உருட்டினால் வரைந்த இடம் மட்டுமே மையைப் பிடிக்கும். 1837இல் பிரான்சின் எங்கல்மான் பல வண்ண முறைக்குக் காப்புரிமை பெற்றார். வண்ணத்துக்கு ஒரு கல். லட்சுமியின் சேலைச் சிவப்புக்கு ஒன்று, மடிப்பின் நிழலுக்கு இன்னொன்று. பத்துக் கற்களைத் தாண்டினாலும் எல்லாம் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். மேலே வார்னிஷ் பூசி, கித்தான் நெசவு தெரிய அழுத்தினால் ஒலியோகிராஃப்.

ஓவியர் ரவிவர்மாவுக்கு, ஓவியங்களை இப்படி அச்சிடும் வழியைச் சொல்லிக் கடிதம் எழுதியவர் கும்பகோணத்துக்காரரான திவான் மாதவராவ். 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகம், பின்னர் லோனாவ்லா அருகே மலவ்லிக்கு மாறி, ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்குப் போனது. 1972இல் தீக்கிரையானது.

தமிழ்நாட்டின் கதை வேறு தடம். 1922இல் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அந்த ஊரின் அச்சுத்தொழில் அப்படி வளர்ந்தது. அதற்குச் சாமி படங்கள் வரைந்து தந்தவர்களில் முதன்மையானவர் கோவில்பட்டி கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிய கை அது. அவருடைய முருகனுக்குப் பின்னால் விரியும் மலையில் அந்தத் திரைச்சீலையை இன்றும் காணலாம்.

சேகரிப்பவர்கள் ரவிவர்மா பெயருக்கே பணம் தருகிறார்கள். கொண்டையராஜுவின் காலண்டருக்கும் தீப்பெட்டி லேபிளுக்கும் அந்த மரியாதை கிடைக்காதது எனக்குப் பெரிய வருத்தம். அசலா என்று அறிய பூதக்கண்ணாடி போதும்: கல்லச்சில் புள்ளிகள் கையால் வைத்தவைபோல ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும், மறுஅச்சில் வரிசை கட்டி நிற்கும். ஆனால் படத்தின் முதுகைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பிரேம் போட்ட கடையின் சீட்டு, ஓட்டை மறைக்க ஒட்டிய செய்தித்தாள், பென்சிலில் எழுதிய கிரகப்பிரவேசத் தேதி: அந்தப் படம் எந்த ஊரில், எந்த வீட்டில் வாழ்ந்தது என்று அவைதான் சொல்லும். புது அட்டை மாற்றுகிறவர்கள் முதலில் அதைத்தான் கிழித்தெறிகிறார்கள். முகத்தில் ஜரிகையும் சம்கியும் தைத்திருந்தால், கண்ணாடியில் சந்தனப் பொட்டு காய்ந்திருந்தால், அவற்றையும் அழுக்கென்று துடைக்கிறார்கள். ராமபாணப் பூச்சி தின்பதைவிட இந்தச் சுத்தம் தின்பது அதிகம்.

இப்படிப்பட்ட காகிதங்களைத் தூக்கியெறியாதவர் ஒருவர் இருந்தார்: பெயர்ப்பலகை எழுதும் ஓவியரான கோட்டையூர் ரோஜா முத்தையா. நூல்களோடு நாடக நோட்டீஸையும் திருமண அழைப்பிதழையும் சேர்த்துவைத்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994இல் சென்னையிலேயே நூலகமாக நிறுவியது. இப்போது தரமணியில் இருக்கும் அந்த நூலகம் முதலில் இயங்கியது முகப்பேரில். அங்கிருந்து அம்பத்தூர் மரத்தடிக்கு சைக்கிளில் போய்விடலாம்.