படகு கரை சேர்ந்த பின்னும் தணியாத அச்சம்: ஒரு நூலாய்வு

‘மனநல மருத்துவர் இல்லாத இடத்தில்’ எனப் பொருள்படும் தலைப்புடன் விக்ரம் படேல் 2003ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்ட கையேடு, 2018இல் ஷார்லட் ஹன்லனும் இணைந்தெழுதிய இரண்டாம் பதிப்பாக வந்தது. சுகாதாரப் பணியாளர்க்கென எழுதப்பட்ட இந்நூலை இறையியல் மாணவரும் கற்கவேண்டும் என்று பழவேற்காட்டு மீனவக் குப்பங்களே எனக்கு உணர்த்தின.

மேய்ப்புப்பணி ஆலோசனை என்றவுடன் நம் வகுப்பறைகளில் கார்ல் ரோஜர்ஸின் பெயரே முன்நிற்கிறது. அவர் முறையில் ஆலோசகர் அறிவுரை கூறார். வந்தவர் தம் உள்ளத்தைத் தாமே கண்டுகொள்ளும்வரை பரிவுடன் செவிகொடுப்பார். நன்று. ஆனால் குப்பத்துப் பெண் உள்ளத்தைப் பற்றிப் பேச வருவதில்லை. “நெஞ்சு படபடன்னு அடிக்குது ஐயா, கை காலெல்லாம் மரத்துப்போவுது” என்றே வருகிறாள். நாம் ஜெபித்து அனுப்புகிறோம். சிலவேளை விசுவாசக் குறைவு என்றும் கடிந்துகொள்கிறோம். நானும் பல ஆண்டுகள் அவ்வாறு செய்தவனே.

படேலின் நூல் நோயின் பெயரிலிருந்தன்று, இத்தகைய முறையீட்டிலிருந்தே தொடங்குகிறது. இதுவே அதன் பெருஞ்சிறப்பு. திடீரென எழுந்து சில நிமிடங்களில் உச்சமடையும் படபடப்பு, மூச்சுத்திணறல், செத்துவிடுவோம் என்னும் திகில் ஆகியவை பீதித் தாக்கின் அறிகுறிகள். வேகமாக மூச்சுவிடுவதால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைய, விரல்கள் மரத்துப்போகின்றன. பேய்க்கு இங்கு வேலையில்லை. எனினும் தைராய்டு மிகை, இரத்தசோகை, இதயநோய் ஆகியவற்றிலும் படபடப்பு உண்டாதலின், முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புவதே முறை.

சிகிச்சைக்கு வருவோம். பதற்றமுற்றோர் ஆபத்தை மிகையாகவும் தம் ஆற்றலைக் குறைவாகவும் மதிப்பிடுகின்றனர் என்பது ஆரன் பெக்கின் கொள்கை. ஆனால் 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் புகுந்ததைக் கண்டவளின் அச்சத்தை மிகை என்பது எங்ஙனம்? முகத்துவாரம் மணலால் தூர்ந்து இறால் வரத்துக் குறைந்தபோது கடனை எண்ணிக் கலங்குவதும் பிழையன்று. படகு கரை சேர்ந்த பின்னும் அச்சம் தணியாமல், மாதக்கணக்கில் உறக்கங்கெட்டு, மீன்கூடையுடன் சந்தைக்குப் போகவும் இயலாத நிலையையே நோயெனக் கருதவேண்டும்.

சிக்கலைக் கூறுபடுத்தி ஒவ்வொன்றாகத் தீர்க்கும் முறையையும் படேல் பரிந்துரைக்கிறார். எளிய பயிற்சி பெற்ற ஆலோசகர்களால் அரசு சுகாதார நிலையங்களில் குணமடைந்தோர் மிகுந்தனர் என்பதை அவர் குழுவினர் கோவாவில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று; தனியார் மருத்துவரிடம் சென்றோரிடையே அவ்வேறுபாடு காணப்படவில்லை. எனினும் இம்முறை சிக்கலைத் தனியொருவருடையதாகவே கொள்கிறது. நம் சபைகளில் ‘பாடு’ என்றால் துன்பம். பழவேற்காட்டிலோ, ஏரியில் வலையிடும் இடத்தை முறைவைத்துப் பகிரும் ஊர் ஒழுங்குக்கும் அதுவே பெயர். பிழைப்பே பலர் கூடிப் பகிர்வதாயிருக்க, அதன் கவலையை ஒருத்தியின் அறைக்குள் தீர்க்க முயல்வது குறையே. இதற்கு நூல் அளிக்கும் இடம் போதாது.

களப்பணிக்குச் செல்லும் மாணவர், அறிகுறிப் பட்டியலோடு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணையும் கொண்டுசெல்க. கூடைகளை இறக்கிவைத்துப் பெண்கள் அமரும் பிற்பகலே செவிகொடுக்க ஏற்ற நேரம்.