இரு குரல், ஒரு மூச்சு

வைகைக் கரைக்காரர்களுக்குப் பாட்டுக் கேட்க வழியா இல்லை? சித்திரைத் திருவிழாவில் தெருவெங்கும் கட்டிய குழாய் ஸ்பீக்கர், மேலூர் பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலே பாடிக்கொண்டே வரும் பெட்டி, கல்யாண வீட்டு ரேடியோ செட். காதில் விழுந்துகொண்டே இருக்கும், ஆனால் துண்டு துண்டாக விழும். தொடக்கம் முதல் முடிவு வரை இடத்தைவிட்டு எழாமல் கேட்கவேண்டிய இசைத்தட்டுகள் சில உண்டு. என் ஆயுளுக்குமான தட்டுகள் என்று நான் எடுத்துவைத்திருக்கும் அந்தச் சிலவற்றில் ஓர் அழகு திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது. இரண்டு குரல்களோ இரண்டு மரபுகளோ தோளோடு தோள் நின்று ஒலிக்கும். ஒன்று மற்றொன்றை விழுங்காது. அந்தச் சேர்க்கையின் தையல் எங்கே ஓடுகிறது என்று தேடுவதில் எனக்கு இன்றுவரை அலுப்பு வந்ததில்லை. கூட வாருங்கள், சேர்ந்து தேடலாம்.

கேட்டுக் கேட்டே நாம் கவனிக்காமல் விட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி 1963-இல் எச்.எம்.வி. வெளியிட்ட வேங்கடேச சுப்ரபாதம். 1916-இல் மதுரையில் பிறந்து, அம்மா சண்முகவடிவின் வீணையையும் பாட்டி அக்கம்மாளின் வயலினையும் கேட்டு வளர்ந்த குரல் அது. விடிகாலையில் டீக்கடைப் பாய்லர் சூடேறும்போதே அதுவும் ஒலிக்கத் தொடங்கிவிடுவதால், பொழுது விடிவதற்கான அடையாளமாக மட்டும் அதை வைத்துக்கொண்டுவிட்டோம். ஒருமுறை, ஒரே ஒருமுறை, நடுப்பகலில், கையில் வேறு வேலை இல்லாதபோது கேட்டுப் பாருங்கள்.

முதலில் ஒரு குரல்தான் கேட்கும். சற்றுப் பொறுத்தால் அந்தக் குரலின் ஓரத்தில் இன்னொரு குரல் மெல்லிய சரிகைக்கரைபோல ஓடுவது புலப்படும். மகள் ராதா விஸ்வநாதனின் குரல். ஏறும் இடத்தில் ஏறி, இறங்கும் இடத்தில் இறங்கி, எங்கும் முந்தாமல், எங்கும் பின்தங்காமல் கூடவே வருகிறது. எம்.எஸ். குரலுக்கு அது கனம் சேர்க்கவில்லை, ஒளி சேர்க்கிறது. சமஸ்கிருதத்தின் நீண்ட கூட்டுச்சொற்களை நடுவில் ஒடிக்காமல், சொல்லின் இயல்பான கணு வரும்வரை மூச்சைத் தாங்கி, அங்கே மட்டும் விடும் நேர்த்தியைப் பாருங்கள். உச்சரிப்பைப் பண்டிதர்களிடம் சரிபார்த்துக்கொண்ட பிறகே பாடுவது அவர் வழக்கம். அந்த உழைப்பின் சுவடு எங்குமே வெளியில் தெரியவில்லை என்பதுதான் அதன் நயம். சுப்ரபாதத்தின் 29 சுலோகம், ஸ்தோத்திரத்தின் 11, பிரபத்தியின் 16, மங்களாசாசனத்தின் 14 என எழுபதும் முடியும்போது, தொடங்கிய அதே சமநிலையில் குரல் நிற்கிறது. டீக்கடையில் பாதியிலேயே கிளம்பிவிடும் நமக்குக் கடைசிப் பகுதியின் சாந்தம் கிடைப்பதே இல்லை. எவ்வளவு பெரிய இழப்பு!

அடுத்தது சினிமாத் தட்டு. 1968-இல் வந்த தில்லானா மோகனாம்பாள். கே.வி. மகாதேவன் இசை. சிவாஜியின் விரல்களும் புருவமும் கன்னமும் நாதஸ்வரம் வாசித்ததாகவே இன்றும் பலர் நினைவில் இருக்கிறது. அந்த நாதத்தை உள்ளிருந்து ஊதியவர்கள் மதுரை சகோதரர்களான எம்.பி.என். சேதுராமனும் எம்.பி.என். பொன்னுசாமியும். படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்பவர்களுக்கே அதன் முழு விருந்து. ஆபேரியில் அவர்கள் வாசிக்கும் தியாகராஜ கீர்த்தனையில், இரண்டு நாதஸ்வரங்கள் ஒரே வரியை ஒரே வேகத்தில் எடுத்துப் போகின்றன. ஒருவர் மூச்செடுக்கும் கணத்தில் மற்றவர் தாங்கிக்கொள்வார், நாதம் அறுபடாது. சீவாளியின் கூர்மை குறையாமலே கமகம் குழைகிறது. எந்த இடத்தில் அண்ணன் விட்டார், எந்த இடத்தில் தம்பி பிடித்தார் என்று கண்டுபிடிக்க முயன்று ஒவ்வொரு முறையும் நாதத்தின் வசப்பட்டு மறந்துபோகிறேன்.

இனி இளையராஜா. பண்ணைப்புரம் அன்றைக்கு மதுரை மாவட்டம். ஆகவே நம்மூர்க்காரர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். 1976-இல் அன்னக்கிளியோடு தொடங்கிய சினிமா வெள்ளத்தின் நடுவே, 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’ வந்தது. கேசட் கடைகளில் வெள்ளைத்தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து, அறுபது நிமிடத்தில் எத்தனை அடங்கும் என்று பேரம் பேசிப் பதிவுசெய்து வாங்கிய காலம் அது. அந்தக் காலத்தில் வந்த இந்தத் தட்டில் பாடகர் இல்லை, பாட்டு வரி இல்லை, நாயகன் இல்லை, வெறும் இசை. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை என்று போட்டிருந்தார்கள். 1750-இல் பாக் மறைந்து பதினேழு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் தியாகராஜர். ஒருவர் ஜெர்மனி, ஒருவர் காவிரிக்கரை. இருவரையும் ஒரே திண்ணையில் உட்காரவைக்கிறது அந்தத் தட்டு.

அதன் தலைப்புகளை வரிசையாகப் படித்தாலே ஒரு விருந்தோம்பல் கதை ஓடும். மேற்கத்திய சேம்பர் இசைக்குழு தியாகராஜரை வரவேற்கிறது. அடுத்ததில் பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்கிறார். அதற்கடுத்து, பேசிக்கொண்டிருந்தோம். பிறகு, ஒப்பிடாதீர்கள். எவ்வளவு பண்பான வரிசை! வந்த இருவரில் யார் உசத்தி என்று கேட்கும் வாய்க்கு முன்கூட்டியே அன்பாக ஒரு தடை.

பாக் வீட்டுக்கு வரும் அந்தப் பகுதியில் நான் கரைந்துபோகும் இடம் ஒன்று உண்டு. பாக் 1720-இல் படியெடுத்து வைத்த தனி வயலின் படைப்புகளில், மூன்றாவது பார்ட்டிடாவின் முன்னிசையை வயலின்கள் வாசிக்கின்றன. இ மேஜர், நம் காதுக்குச் சங்கராபரணச் சுரங்கள். துணையே இல்லாமல் ஒற்றை வயலின் ஓடிக்கொண்டே இருப்பதற்காக எழுதப்பட்டது அது. ஒவ்வொரு சுரமும் அசையாமல், நேராக, பளிங்குத் துல்லியத்தோடு விழுகிறது. அந்த ஓட்டத்தின் மேல் வி.எஸ். நரசிம்மனின் வயலின் கமகங்களோடு வந்து இறங்குகிறது. கீழே இருப்பவர் நிற்காமல் நடக்கிறார். மேலே இருப்பவர் ஒரு சுரத்தில் நின்று, அதைச் சற்று அசைத்து, பக்கத்துச் சுரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறார். பாக்கின் ஒரு சுரம்கூட மாற்றப்படவில்லை. நம் வயலினும் தன் குழைவைச் சுருக்கிக்கொள்ளவில்லை. ஒரே வாத்தியம், ஒரே நரம்பு, ஒரே வில். அதில் இரண்டு உலகங்கள் நேருக்கு நேர் பார்த்துப் புன்னகைக்கின்றன. துணையில்லாமல் எழுதப்பட்ட இசைக்கு இரண்டரை நூற்றாண்டு கழித்துத் தமிழ்நாட்டில் ஒரு துணை கிடைத்தது என்று நினைக்கும்போது நெஞ்சு விம்முகிறது. இதே நரசிம்மன் பின்னாளில் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்ற குழுவை அமைத்து நம் கீர்த்தனைகளை நான்கு நரம்பு வாத்தியங்களுக்குக் கொண்டுபோனது, இந்த வீட்டுச் சந்திப்பின் தொடர்ச்சியாகவே எனக்குப் படுகிறது.

1988-இல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’ பற்றியும் சொல்லாமல் நகர மனமில்லை. ஹரிபிரசாத் சௌராசியாவின் பன்சூரிக்காக எழுதப்பட்டது. குழல் பாடாத இடங்களில் வயலின் கூட்டம் எவ்வளவு நாசூக்காக விலகி இடம் விடுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். அது போதும்.

எல்லாவற்றையும் தாண்டி நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது 2005-இல் வந்த திருவாசகத்தின் முன்னால். மேலூர்ப் பக்கம் வயல்களுக்கு நடுவே இருக்கும் திருவாதவூர்தான் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்த அமைச்சர். அவர் பொருட்டு நரி பரியானதும், வைகை பெருகியதும், சொக்கநாதர் புட்டுக்கு மண் சுமந்ததும் நம் ஊர்க் குழந்தைக்கும் தெரிந்த கதைகள். அவர் எழுதிய திருவாசகத்தை, அதே வட்டாரத்து மனிதரான இளையராஜா ஹங்கேரிக்கு எடுத்துப்போய், லாஸ்லோ கோவாக்ஸ் நடத்த புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவை வாசிக்கவைத்துத் தந்தார். தமிழ் மையம் வெளியிட்டது.

முதல் நயம், வரிசையில். திருவாசகத்தின் 51 பகுதிகளில் ஆறிலிருந்து எடுத்திருக்கிறார். நூல் சிவபுராணத்தில் தொடங்கும். தட்டு யாத்திரைப் பத்தில் தொடங்குகிறது. நூலின் இறுதிப் பகுதியில் வருவது, காலம் வந்துவிட்டது, போவோம் என்று அடியவர்களை அழைக்கும் பகுதி. எத்தனை பொருத்தமான வாசல்!  புறப்பட்ட பிறகே சிவபுராணம். அப்புறம் தும்பியை அழைத்து, இறைவனிடம் போய் ரீங்காரமிடு என்று தூது அனுப்பும் திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், இறுதியில் அச்சப் பத்து. புறப்பட்டு, தன் பிறவிகளைச் சொல்லி அழுது, தூது அனுப்பி, இறுகப் பற்றிக்கொண்டு, கொண்டாடி, அஞ்சாமல் நிமிர்வது. நூலின் வரிசையைக் கலைத்து, உள்ளத்தின் பயணத்துக்கு ஒரு புது வரிசை கோத்திருக்கிறார். ஒரு பகுதியைத் தனியே எடுத்துக் கேட்பவர்களுக்கு இந்தக் கோவை பிடிபடாது.

இரண்டாவது நயம், அந்தக் குரலில். சிம்பொனிக்கு முன்னால் எவரும் மெருகேற்றிய குரலை நிறுத்துவார்கள். இவர் தன் குரலையே நிறுத்துகிறார். சற்றுக் கரகரப்பும் மண்வாசனையும் உள்ள, கம்பம் பள்ளத்தாக்கின் காற்றைச் சுமந்த குரல். அது ஏறி உயரும்போது ஓரத்தில் ஒரு பிசிறு கேட்கிறது பாருங்கள், அந்தப் பிசிறில்தான் பக்தனின் தவிப்பு முழுதும் தங்கியிருக்கிறது.

சிவபுராணப் பகுதி இருபது நிமிடம் போகிறது. தமிழ் வரியை அவர் பாட, ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகளை வேறொரு ஆண்குரல் ஏற்றுப் பாடுகிறது. ஆங்கிலம் எதற்கு என்று சிலர் முகம் சுளித்ததுண்டு. எனக்கு அந்தச் சுளிப்பு இல்லை. நன்றாகக் கேட்டால், ஆங்கிலக் குரல் தமிழை விளக்கிச் சொல்ல வருவதில்லை. வேறொரு ஊரில் வேறொருவன், அதே சிறுமையை உணர்ந்து, அதே கதவைத் தட்டுகிறான். புல்லிலிருந்து தேவர்வரை எல்லாப் பிறவியும் எடுத்து இளைத்தேன் என்று மாணிக்கவாசகர் சொல்லும்போது, அது மதுரைக்காரனின் களைப்பு மட்டும்தானா? இரு குரல்களின் அடியிலும் ஒரே நரம்பிசை அலை எழுந்து தாழ்கிறது. மொழி மாறும்போது அலை நிற்பதில்லை. தையல் இங்கே ஓடுகிறது என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடிந்த ஒரே இடம் இதுதான். விரல் வைத்த பிறகும் அது சற்றும் உறுத்துவதில்லை.

திருப்பொற்சுண்ணத்தில் முகம் மலர்கிறது. பெண்கள் கூடி உரலில் வாசனைப் பொடி இடிக்கும்போது பாடும் பாவனையில் அமைந்தது மூலம். அத்தனை பெரிய வேண்டுதலுக்குப் பிறகு இப்படி ஒரு கிராமத்து முற்றத்தைத் திறந்துவிட்டது எவ்வளவு கனிவான முடிவு! அதிலிருந்து நேராக அச்சப் பத்துக்கு. பாம்பு முதல் எதற்கும் அஞ்சமாட்டேன், அன்பில்லாதவரைக் கண்டால்தான் அஞ்சுவேன் என்று அடுக்கும் பகுதி அது. உரலும் உலக்கையும் கூத்துமாக இருந்த முற்றத்திலிருந்து வந்த பிறகே அந்த அஞ்சாமைக்கு நம்பகம் வருகிறது.

ஓதுவார்கள் திருவாசகத்தை மோகனத்தில் பாடுவதே மரபு. ஆவணி மூலத் திருவிழாவுக்கு மாணிக்கவாசகர் திருவாதவூரிலிருந்து மதுரைக்கு எழுந்தருளுவார். அந்த நாட்களில் கோயிலில் ஓதுவார் பாடும் மோகனத்தை ஆற அமர நின்று கேளுங்கள். அலங்காரம் எதுவும் இல்லாமல், சொல்லுக்கு வழிவிட்டுப் போகும் அந்தப் பாடுமுறை காதில் ஈரமாக இருக்கும்போதே, வீட்டுக்கு வந்து இந்தத் தட்டைப் போடுங்கள். முதல்முறை கேட்பவராக இருந்தால் யாத்திரைப் பத்திலேயே தொடங்குங்கள், சிவபுராணத்துக்குத் தாவ வேண்டாம். யாத்திரை தொடங்கட்டும். ஹெட்போன் இருந்தால் இன்னும் நல்லது, ஆங்கிலக் குரல் உள்ளே வரும் நொடியில் வயலின்கள் என்ன செய்கின்றன என்பதைத் தவறவிடமாட்டீர்கள்.