வரி பிரிக்காத கொடை

2025 ஜூன் 5 அன்று ‘தக் லைஃப்’ வெளியானது. ‘நாயகன்’ வந்து 38 ஆண்டுகள் கழித்து மணிரத்னமும் கமல்ஹாசனும் மறுபடி சேர்ந்த படம். இரண்டாம் நாளே தீர்ப்பு எழுதியாயிற்று: ‘நாயக’னின் வேலு நாயக்கர் எங்கே, இந்தப் படத்தின் தாதா எங்கே. எங்கள் பூதப்பாண்டிக் கோயில் பக்கத்து டீக்கடையில் தொடங்கிச் சென்னைப் பத்திரிகைகள் வரை இந்த ஒரே பேச்சுதான் சுற்றி வந்தது. பழைய படத்தைத் தூக்கிப் பிடித்துப் புதிய படத்தை அடிப்பது சுலபம். எனக்கோ ‘தக் லைஃப்’ மேல் பெரிய கோபம் வரவில்லை. அதன் நோய் ‘நாயகன்’ படத்திலிருந்து ஒட்டியது. 1987இல் உடம்பில் தெம்பு இருந்ததால் காய்ச்சல் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

‘நாயக’னின் சிறப்புகளை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். நடிப்பு, ஒளிப்பதிவு, கலை இயக்கம் என மூன்று தேசிய விருதுகள். தோட்டா தரணி சென்னையில் எழுப்பிய தாராவியை நம்பாதவர் இல்லை. பி.சி. ஸ்ரீராமின் இருட்டைப் பார்த்துத் தமிழ்ப் படங்கள் விளக்கை அணைக்கக் கற்றுக்கொண்டன. 2005இல் ‘டைம்’ பத்திரிகை உலகின் சிறந்த நூறு படங்களுள் ஒன்றாக அதைச் சேர்த்தது. மகள் தகப்பனை நிறுத்திக் கேள்வி கேட்கும் காட்சியை நான் இன்றும் எழுந்து உட்கார்ந்து பார்ப்பேன். இத்தனையும் சரி. என் புகார் வேறு: அதன் தாதா கொடுப்பதைப் படம் காட்டுகிறது, யாரிடமிருந்து எடுத்தார் என்பதைக் காட்டுவதில்லை.

இதைச் சொன்னபோது நன்றாகப் படிக்கும் நண்பர் ஒருவர் வேறு திசையிலிருந்து வந்தார். “அண்ணாச்சி, நீங்க ஹாலிவுட்டை வச்சு நம்ம படத்தை அளக்கியோ. நம்ம மரபு வேற. இருக்கப்பட்டவன்கிட்ட எடுத்து இல்லாதவனுக்குக் கொடுக்கவனை நம்ம சனம் எப்பவும் கும்பிட்டிருக்கு. ஜம்புலிங்கத்துக்குப் பாட்டு இல்லியா? வில்லுப்பாட்டுல இல்லியா?” என்றார். கெட்டிக்காரத்தனமான வாதம்; நானும் சற்றுத் தடுமாறினேன். கொள்ளைக்காரன் ஜம்புலிங்கம் பேரில் பாட்டு உண்டு, மறுக்கவில்லை. வில்லுக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஹாலிவுட்.

‘லிட்டில் சீசர்’, ‘தி பப்ளிக் எனிமி’ இரண்டும் 1931. ‘ஸ்கார்ஃபேஸ்’ அடுத்த ஆண்டு. மூன்றையும் சுமந்த நடிகர்களைப் பாருங்கள். எட்வர்ட் ஜி. ராபின்சன் ருமேனியாவிலிருந்து பிள்ளையாக வந்து இறங்கிய யூதர். குள்ளம், தவளை வாய். ஜேம்ஸ் காக்னி நியூயார்க் ஐரிஷ்காரர், ஆட்டக்காரர். பால் முனி இத்திஷ் நாடக மேடையில் வளர்ந்தவர். மூவரிலும் ஆணழகன் கிடையாது, வள்ளலும் கிடையாது. ராபின்சன் நடித்த ரிக்கோ படம் முழுக்க ஒரு ஏழைக்கு ஒரு காசு கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. அவனுக்கு மேலே வர வேண்டும், வருகிறான், விளம்பரப் பலகைக்குப் பின்னால் அநாதையாகச் சாகிறான். காக்னியின் டாம் பவர்ஸைப் போர்வையில் சுற்றித் தாயின் வாசலில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். கதவைத் திறந்ததும் மரக்கட்டை போல உள்ளே விழுகிறான். தணிக்கைக்குப் பயந்து அன்றைய ஸ்டூடியோக்கள் உபதேசம் ஒட்டியதும் உண்மைதான். ‘ஸ்கார்ஃபேஸ்’ படத்துக்கு ‘தேசத்தின் அவமானம்’ என்று வால் கட்டினார்கள். ஆனால் அந்தப் படங்களில் ஒரு காரியம் ஒழுங்காக நடந்தது: தொழிலைக் காட்டினார்கள். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. டாம் பவர்ஸ் ஒவ்வொரு சாராயக் கடையாகப் போய் எங்கள் பீரைத்தான் வாங்க வேண்டும் என்று மிரட்டுகிறான். கடைக்காரன் முகத்தை நாம் பார்க்கிறோம். பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் நமக்கு மயக்கம் இல்லை.

வேலு நாயக்கருக்கு முன்மாதிரி என்று சொல்லப்படும் வரதராஜ முதலியார் தூத்துக்குடிக்காரர், பம்பாய் வி.டி. ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர். அவர் தலையெடுத்தது பம்பாய் மதுவிலக்குக் காலத்துக் கள்ளச்சாராயத்தில். கள்ளச்சாராயத்தைக் குடித்தவன் யார்? மலபார் ஹில் சேட்டா? தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் கூலிக்குப் போய்விட்டு வந்தவன். பெண்டாட்டிக்குப் போக வேண்டிய காசு முதலியாரிடம் போனது. அதில் ஒரு பங்கு மாட்டுங்கா பிள்ளையார் பந்தலாகவும் கல்யாணச் செலவாகவும் திரும்பி வந்தது. இந்தச் சுழற்சியைத்தான் படம் வெட்டி எறிந்துவிட்டது. வேலுவின் தொழிலாக நம் மனத்தில் நிற்பது கடல்வழிக் கடத்தல். கடத்தலில் அரசாங்கத்துக்குத்தான் நஷ்டம். கண்ணீர் விட ஆள் இல்லை. எடுக்கிற கை மறைந்து கொடுக்கிற கை மட்டும் வெளிச்சத்தில் இருக்கிறது. சரியா தவறா என்று வேலு தவிப்பதெல்லாம் இந்தக் கணக்கை ஒளித்து வைத்த பிறகு வரும் தவிப்பு. (எட்டு வருஷம் கழித்து வந்த ‘பாட்ஷா’வில் தவிப்பும் போயிற்று. மாணிக் பாட்ஷா பம்பாயில் என்ன தொழில் செய்தார்? முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.)

எங்கள் பக்கத்தில் கொடை என்றால் இரண்டு பொருள். ஒன்று கொடுப்பது. இன்னொன்று அம்மனுக்கும் மாடனுக்கும் ஊர் கூடி எடுக்கும் விழா. அந்தக் கொடைக்கு முன்னால் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று நோட்டுப் போட்டு எழுதி, பாக்கி வைத்தவன் பெயரையும் எழுதி, முடிந்ததும் கணக்கு வாசிப்பார்கள். அதில் சண்டை வரும், மண்டை உடையும். ஆனாலும் பந்தலில் எரியும் விளக்கு ஒவ்வொன்றும் தன் காசு என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். தமிழ் தாதா படத்தில் நடப்பது வரி பிரிக்காத கொடை. சனங்கள் காசு கொடுத்ததாகக் காட்சியே இல்லை. வாங்க மட்டும் வருகிறார்கள். பெரியவர் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருப்பார், எதிரே கைகட்டிய வரிசை. ஒருவனுக்கு வேலை, ஒருத்திக்கு நியாயம், ஒரு கிழவிக்கு மருந்து. ‘நாயக’னில் சேரியை இடிக்க வருகிறார்கள், வேலு போய் முதலாளியின் மாளிகையை நொறுக்கிவிட்டு வருகிறார், பிரச்சினை தீர்ந்தது. குடிசைக்காரர்கள் சேர்ந்து நின்றதாகவோ வழக்குப் போட்டதாகவோ ஒரு சங்கம் வைத்ததாகவோ யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் ஒருவர் செய்துவிட்டார்.

இது கதாசிரியரின் பிழை மட்டும் என்றால் மன்னித்துவிடலாம். நாயக நடிகருக்கு இது தேவைப்படுகிறது. சான்று வேண்டுமா? நட்சத்திரம் இல்லாத இடத்தில் நம் ரவுடிகள் எவ்வளவு உண்மையாக இருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘சுப்ரமணியபுரம்’ பையன்களை அரசியல்வாதி உபயோகித்துவிட்டு எறிகிறான். ‘ஆரண்ய காண்ட’த்தின் சிங்கப்பெருமாள் ஆண்மை போன கிழவன், சிரிப்புக்கிடமானவன், அந்த வேஷத்துக்கு ஜாக்கி ஷெராப்பை இந்தியிலிருந்து கூட்டிவர வேண்டியிருந்தது. ‘ஜிகர்தண்டா’வில் பாபி சிம்ஹாவின் அசால்ட் சேது தன்னைப் பற்றிய படத்தில் தானே கோமாளியாகிறான், தேசிய விருதும் கிடைத்தது. அதே கார்த்திக் சுப்பராஜ் ஒன்பது ஆண்டுகள் கழித்து ராகவா லாரன்ஸை வைத்து ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ எடுக்கிறார். ரவுடி காட்டு மக்களுக்காக உயிரைக் கொடுக்கிறான். ஒரே இயக்குநர்தான், ஒரே தலைப்புதான். நடிகர் மாறினார், ரவுடி தியாகியானான். ஜெயமோகன் எழுதிய ‘வெந்து தணிந்தது காடு’ என்னை முக்கால்வாசி தூரம் ஏமாற்றியது: முள்ளுக்காட்டிலிருந்து மும்பை பரோட்டாக் கடைக்குப் போன முத்து வேறு வழியில்லாமல் துப்பாக்கி எடுக்கிறான், பயப்படுகிறான், வியர்க்கிறான். கடைசியில் அவனுக்குள்ளிருந்து சிம்பு எழுந்து வந்துவிடுகிறார். இந்த விதிக்கு அடங்காதவர் ‘புதுப்பேட்டை’யின் தனுஷ். காக்னிக்குத் தமிழில் ஒரு தம்பி உண்டென்றால் கொக்கி குமார்தான். அதற்கு அன்று கிடைத்த வரவேற்பு நமக்குத் தெரியும்.

காக்னி 1938இல் ‘ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ்’ படத்தில் நடித்தார். ராக்கி என்ற ரவுடியைச் சேரிப் பையன்கள் கும்பிடுகிறார்கள். மரண தண்டனைக்குப் போகும் முன் பால்ய நண்பனான பாதிரியார் வந்து ஒரு உதவி கேட்கிறார்: நீ கோழையாகச் சாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள் உன் வழிக்கு வருவார்கள். முடியாது என்கிறான் ராக்கி. மின்நாற்காலிக்குப் பக்கத்தில் போனதும் குழந்தை மாதிரி அலறுகிறான், கெஞ்சுகிறான். நடித்தானா, நிஜமாகவே பயந்தானா? படம் சொல்லவில்லை, காக்னியும் பிடிகொடுக்கவில்லை. இந்தக் காட்சியை நம் நடிகர்களில் யாரிடம் கொண்டுபோய்ச் சொல்ல முடியும்? ரசிகர் மன்றத்துக்கு என்ன பதில் சொல்வார்?

இப்போது வில்லுக்கு வருகிறேன். எங்கள் வில்லுப்பாட்டில் கொலைக்குக் குறைவே இல்லை. ஆனால் கொலைப்பட்டவர்தான் அங்கே தெய்வம். நகைக்காகக் கள்ளிக்காட்டில் கொல்லப்பட்ட பெண் முப்பந்தலில் இசக்கியாக இருக்கிறாள். கொன்றவனுக்குப் பீடம் இல்லை. முத்துப்பட்டன் மாமனார் வீட்டு மாடுகளை மீட்கப் போய்க் கள்ளர்களிடம் செத்தான். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பூசை அவனுக்கு நடக்கிறது, மாடு களவாண்டவர்களுக்கு நடக்கவில்லை. விடிய விடிய அந்தச் சாவைப் பாடிக் கேட்டவர்களுக்குச் செத்தவன் பெயர் தெரியும், அவன் கட்டிய இரண்டு பெண்களின் பெயரும் தெரியும். தாதா படத்தில் செத்தவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். மரபு என்று நண்பர் சொன்னது தலைகீழாகப் பிடித்த மரபு.

அதே சொரிமுத்து அய்யனார் பெயரை வைத்து 1907இல் எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்குச் சொரிமுத்து என்று பெயரிட்டார்கள். பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவானந்தம். அவரும் தெற்கேயிருந்து பட்டணம் போனவர்தான், ஏழைகளுக்கு நடுவில் நின்றவர்தான். சினிமாவின் முதல் பாதிக்குக் கச்சிதமாகப் பொருந்துவார். 1952இல் வடசென்னை வண்ணாரப்பேட்டை அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அதற்கும் முன்னே, 1918இல், பெரம்பூர் பி அண்ட் சி மில் ஆட்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அது. 1921இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து துப்பாக்கிச் சூட்டையும் வாங்கினார்கள். சந்தா கட்டினார்கள், கணக்கு வாசித்தார்கள், தோற்றார்கள், மறுபடி கூடினார்கள். ‘வட சென்னை’ 2018இல் வந்தபோது ஆவலோடு போனேன். வெற்றிமாறனின் கைத்திறனுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. சிறைக் காட்சிகள் அபாரம். ஆனால் அந்தக் குப்பத்தில் நிலம் பறிபோகும்போது சனங்களுக்குத் துணை நிற்கக் கடத்தல்காரர் ராஜன் வர வேண்டியிருக்கிறது. அவருக்குப் பிறகு அன்பு வர வேண்டியிருக்கிறது. ‘காலா’வில் ரஞ்சித் வேலைநிறுத்தத்தையும் பெண்களையும் கொண்டுவந்தார், அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, ரஜினிகாந்தை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

‘வட சென்னை’யின் அதே உலகத்தில் வெற்றிமாறன் இப்போது இன்னொரு படம் எடுக்கிறார். நாயகன் சிம்பு. படத்தின் பெயர் ‘அரசன்’.