மத்தீஸின் கறுப்பு ஜன்னல்

ஆன்றி மத்தீஸ் ஒரே ஊரில், ஒன்பது ஆண்டு இடைவெளியில், இரண்டு ஜன்னல்களை வரைந்தார். ஊர், ஸ்பெயின் எல்லையை ஒட்டியிருக்கும் கொலியூர் என்ற பிரெஞ்சுக் கடற்கரைச் சிற்றூர். 1905இல் வரைந்த ‘திறந்த ஜன்னல்’ வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது; நவீன ஓவிய வரலாறு எழுதுகிறவர்கள் யாரும் அதைத் தாண்டிப் போவதில்லை. 1914இல் வரைந்த ‘கொலியூரில் ஒரு ஜன்னல்’ பாரிஸின் பாம்பிடூ மையத்துக்குச் சொந்தம். தரைவரை இறங்கும், கதவளவு பெரிய ஜன்னல் அது. 1954இல் இறக்கும்வரை மத்தீஸ் அந்தப் படத்தை எங்கும் காட்சிக்கு வைக்கவில்லை. பொதுமக்கள் முதன்முதலில் பார்த்தது 1966இல், அமெரிக்காவில். இவற்றுள் எது பெரிய படைப்பு என்பது வெறும் ரசனைச் சண்டை அல்ல. ஓவியத்தில் ஜன்னலுக்கு என்ன வேலை என்பதை முடிவு செய்யாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

அந்த வேலையை முதலில் வகுத்தவர் இத்தாலிய மறுமலர்ச்சிக் கால அறிஞர் ஆல்பெர்ட்டி. 1435இல் ஓவியம் பற்றி எழுதிய நூலில், தான் வரையப்போகும் செவ்வகத்தைத் திறந்த ஜன்னலாகவே எண்ணிக்கொள்வதாகச் சொன்னார். படம் என்பது சுவரில் ஒரு திறப்பு, பார்வை அதன் வழியே தூரத்துக்குப் போக வேண்டும் என்பது அதன் பிறகு நானூறு ஆண்டுகளுக்கு எழுதாத சட்டமாக இருந்தது. ஆனால் ஜன்னலையே விரும்பி வரைந்தவர்கள் அந்தச் சட்டத்துக்கு அவ்வளவாக அடங்கவில்லை. வெர்மீரின் ஜன்னல்கள் ஒளியை உள்ளே விடுகின்றன. வெளியே என்ன இருக்கிறது என்று காட்டுவதில்லை. காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1822இல் வரைந்த பெண் நமக்கு முதுகு காட்டி ஜன்னலில் நிற்கிறாள். அவள் பார்ப்பதில் ஒரு பாய்மரமும் சில மரங்களும் துண்டு வானமும்தான் நமக்குக் கிடைக்கின்றன. மறைத்தால்தான் ஜன்னலுக்கு எடை கூடும் என்பது இவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1905ஆம் ஆண்டுப் படம் எதையும் மறைப்பதில்லை. 55க்கு 46 சென்டிமீட்டர் அளவுள்ள சின்னத் துணிதான். இடப்புறச் சுவர் நீலப்பச்சை, வலப்புறம் அடர்ந்த ரோஜா ஊதா. திறந்த கதவுகள், பூந்தொட்டிகள், கொடிகள், அவற்றுக்கு அப்பால் இளஞ்சிவப்புக் கடலில் படகுகள். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரே தீவிரத்தில் வண்ணம் கொடுத்து, அறைக்கும் கடலுக்கும் உள்ள தூரத்தையே மத்தீஸ் அழித்துவிட்டார் என்பது இந்தப் படத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் பாராட்டு. அது பாதிதான் உண்மை. சுவரில் தூரிகை அகலமாக, தட்டையாக ஓடுகிறது. கொடிகளில் குட்டைத் தீற்றல்கள். கடலில் இடைவெளி விட்டு நீளும் கோடுகள். இந்த வேறுபாட்டாலேயே கடல் தூரத்தில் நிற்கிறது. வண்ணத்தில் ஆல்பெர்ட்டியைக் கவிழ்த்தவர், அமைப்பில் அவருக்குக் கீழ்ப்படிந்திருக்கிறார். கண் வெளியே போகிறது, மகிழ்கிறது, அங்கேயே தங்கிவிடுகிறது. அந்த ஆண்டு பாரிஸ் இலையுதிர்காலச் சலோனில் விமர்சகரொருவர் ‘காட்டு விலங்குகள்’ என்று பெயர் வைத்த கூட்டத்தின் படங்களில் இதுவும் ஒன்று. ஆனால் இன்று பார்க்கையில் இதில் மூர்க்கம் எதுவும் இல்லை. விருந்தோம்பல்தான் இருக்கிறது.

அடுத்த படத்துக்கு வருவோம். 1914 செப்டம்பர். போர் தொடங்கி ஒரு மாதம். 44 வயது மத்தீஸ் படையில் சேரப் போய் நிராகரிக்கப்பட்டிருந்தார். அவருடைய தாய் இருந்த வடக்கு ஊரான போஹைன் ஜெர்மானியர் கையில். குடும்பத்தோடு கொலியூருக்கு வந்தவர், முன்னதைப் போல் இரு மடங்கு உயரமுள்ள துணியில் இதை வரைந்தார். இடப்பக்கம் வெளிறிய நீலத்தில் ஒரு பட்டை, வலப்பக்கம் சாம்பலும் பச்சையும், நடுவில் மேலிருந்து கீழ்வரை கறுப்பு. கடல் இல்லை, படகு இல்லை. பக்கவாட்டு ஒளியில் உற்றுப் பார்த்தால் கறுப்புக்கு அடியில் பால்கனிக் கம்பிகளும் மரங்களும் தெரிகின்றன. முதலில் காட்சியை வரைந்துவிட்டு, பிறகு அதை மூடியிருக்கிறார்.

ஏன் மூடினார்? மூன்று விளக்கங்கள் உண்டு. போரின் துக்கம் என்பது எளிதில் கைக்கு வருவது. தேதி அதற்கு ஒத்துழைக்கிறது, வண்ணம் அவ்வளவாக இல்லை. துக்கத்தின் படமென்றால் அந்த நீலமும் பச்சையும் இவ்வளவு மென்மையாக இருக்க வேண்டியதில்லை. ஓரிரு ஆண்டுகள் கழித்து வரைந்த ‘சுரைக்காய்கள்’ பற்றிப் பேசும்போது, அந்தப் படத்தில்தான் கறுப்பை இருளின் நிறமாக அல்லாமல் ஒளியின் நிறமாகக் கையாளத் தொடங்கியதாக மத்தீஸே சொல்லியிருக்கிறார். அந்தத் தொடக்கத்தை அவர் சொல்வதற்கும் முன்னால், இந்த ஜன்னலில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உச்சிவெயிலில் தெருவில் நடக்கும்போது திறந்திருக்கும் வீட்டு வாசல்கள் கன்னங்கரேலென்று தெரிவதை நாம் அறிவோம்; அந்தக் கறுப்பு வெயிலின் அளவைச் சொல்லும் கறுப்பு. இந்தப் படத்தின் கறுப்பும் அந்த வகையாக இருக்க முழு வாய்ப்பு உண்டு. அப்படியானால் நாம் அறைக்குள் நின்று இரவைப் பார்க்கவில்லை. பால்கனியில் நின்று அறையைப் பார்க்கிறோம். அடியில் புதைந்த கம்பிகள் இதற்கு எதிர்ச்சாட்சி சொல்கின்றன என்பதை மறைக்க மாட்டேன். படம் உள்ளிருந்துதான் தொடங்கியது. ஆனால் மேலே பூசிய கறுப்பு அந்தத் திசையையே கேள்விக்குள்ளாக்கிவிட்டது. உள் எது, வெளி எது என்ற முடிவைப் பார்க்கிறவரிடம் விட்டுவிட்ட ஜன்னல் இதற்கு முன் எனக்குத் தெரிந்து இல்லை.

முடியாத படம் என்பது இரண்டாவது வாதம். காட்சிக்கு வைக்காதது அதற்கு வலு சேர்க்கிறது. ஆனால் முடிக்காமல் விட்டவர் வெற்றிடங்களை விட்டுச்செல்வார். இவர் வரைந்து முடித்ததை அழித்திருக்கிறார். மேலும் சேர்ப்பதற்கான ஆயத்தமாக அந்தக் கறுப்பு எனக்குப் படவில்லை.

மூன்றாவது, இதை அரூப ஓவியத்தின் முன்னோடி என்று புகழ்வது. இதுதான் இன்று செல்வாக்குள்ள பார்வை, இதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். 1966இல் இதை முதலில் கண்டவர்கள் அமெரிக்க அரூப ஓவியர்களான ராத்கோவையும் பார்னெட் நியூமனையும் ஏற்கெனவே பார்த்துப் பழகியவர்கள். பட்டைகளைப் பட்டைகளாகவே வாசித்தார்கள். அப்படி வாசித்தால் இது நியூமனைவிடத் தயங்கும், பலவீனமான படம். இடப்புற நீலத்தில் கதவின் பலகை அடுக்கைச் சொல்லும் கிடைக்கோடுகளையும், அடியில் தரையைச் சொல்லும் சாய்ந்த விளிம்பையும் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள்: உயிர் போய்விடும். அந்தச் சில கோடுகள்தான் ‘இங்கே ஒரு ஜன்னல் இருக்கிறது, வழி திறந்திருக்கிறது’ என்று உறுதி தருகின்றன. உறுதி தந்த பிறகே கறுப்பு மறுக்கிறது. எதிர்பார்ப்பே எழாத இடத்தில் மறுப்புக்கு வலி இல்லை. 1966இல் இதைக் கண்டவர்களில் ஓவியர் ரிச்சர்ட் டீபென்கோர்ன் இதை இன்னும் சரியாகப் புரிந்துகொண்டார். அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய ‘ஓஷன் பார்க்’ வரிசைப் படங்கள் எவ்வளவு அரூபமானாலும், ஜன்னல் சட்டத்தையும் கடற்கரை வெளிச்சத்தையும் கைவிடவில்லை.

ஆகவே என் தீர்ப்பு 1914க்கே. 1905 ஜன்னல் ஒரு காட்சியை மறக்க முடியாதபடி கொடுத்தது. 1914 ஜன்னல் பார்த்தல் என்ற செயலையே படத்தின் பொருளாக்கியது. இதைச் சொல்லும்போது படத்தின் குறையையும் சொல்ல வேண்டும். கீழ்ப்பகுதி தீர்மானமற்றது, தரையின் மங்கல் நிறம் கறுப்போடு மோதவும் இல்லை, இணங்கவும் இல்லை. மத்தீஸுக்கும் இது தெரிந்திருக்கும் என்று 1916இல் வரைந்த ‘பியானோ பாடம்’ சொல்கிறது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள அந்தப் பெரிய படத்தில் ஜன்னல் மறுபடி திறக்கிறது. சாம்பல் நிறம் தோட்டத்தை விழுங்கிவிட, ஒரேயொரு பச்சை முக்கோணம் மட்டும் எஞ்சுகிறது. அதன் பக்கத்தில் பியானோவுக்குப் பின்னால் ஒரு சிறுவன். வெளியே போக முடியாதவன். கொலியூரில் எல்லாவற்றையும் அழித்துப் பார்த்திராவிட்டால், எவ்வளவு பச்சை போதும் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. முழுமையில் ‘பியானோ பாடம்’ ஒருபடி மேல். துணிச்சலில் கறுப்பு ஜன்னலுக்கு இணை இல்லை. 1920களில் நீஸ் நகர அறைகளில் அவர் அடுக்கடுக்காக வரைந்த கடல் பார்த்த ஜன்னல்களில் மிகப் பல, அழகாக இருந்தும், இந்த இரண்டுக்கும் அருகில் வரவில்லை. அவற்றில் மறுபடியும் கடல்தான் தெரிகிறது.